தொழுக்கட்டையிலிருந்து சி.எஸ்.ஆர். ரசீது வரை

தமிழ் இலக்கணம் படித்தவன் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வினைமுற்றுதான் கண்ணில் படும். எனக்கும் அப்படித்தான். போலீஸ்காரரைப் பற்றிப் பேசும்போது சட்டம் இரண்டு விதமாகத்தான் பேசுகிறது. ஒன்று ‘செய்யலாம்’, மற்றொன்று ‘செய்ய வேண்டும்’. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம் என்பது அதிகாரம். குற்றத் தகவல் சொல்ல வந்தவர் சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது கடமை. அதிகாரத்துக்கு ‘லாம்’, கடமைக்கு ‘வேண்டும்’. சட்டம் எழுதியவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை.

குழப்பம் ஸ்டேஷன் படியில்தான் ஆரம்பிக்கிறது. நம்ம சனங்க படியேறினால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. சேரிக்காரன் மேல் புகார் வந்தால் கைது செய்தே ஆக வேண்டும். சேரிக்காரன் புகார் கொண்டுவந்தால் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஸ்டேஷன், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று சனங்களோடு அலைந்ததில் இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. ‘அந்த எஸ்.ஐ. சரியில்ல, வேற ஆள் வந்தா சரியாயிடும்’ என்று நம்ம ஆட்களே சொல்வார்கள். வேறு ஆளும் வருவார். எழுதாத புகார் எழுதாமலேதான் கிடக்கும். இது தனிமனிதக் கோளாறு இல்லை, இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1

1816ஆம் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி போலீஸ் நிர்வாகம் மாற்றி அமைக்கப்பட்டது. அந்த ஆண்டின் 11ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் மாவட்டத்தில் கலெக்டர், தாலுகாவில் தாசில்தார், கிராமத்தில் முன்சீப் என்று மேலிருந்து கீழாகப் போலீஸ் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. வரி வாங்குகிறவரும் அவரே, திருடனைப் பிடிக்கிறவரும் அவரே.

வாய்ச்சண்டை, சின்னக் கைகலப்பு மாதிரியான சில்லறைக் குற்றங்களுக்குக் கிராம முன்சீப்பே தண்டனை கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். என்ன தண்டனை? சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் கீழ்ச்சாதிக்காரராக, அதாவது அப்படி இழிவுபடுத்தினாலும் தப்பில்லை என்று கருதப்படும் சாதியாக இருந்தால், 6 மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டி வைக்கலாம். ஒரே குற்றம், இரண்டு தண்டனை. ஒருவருக்குக் கூரைக்குக் கீழே காவல். இன்னொருவருக்குக் காலை மரத்தில் பூட்டி ஊரே பார்க்க உட்கார வைப்பது.

சாதி பார்த்துத் தண்டிப்பது மனு எழுதிய ஏட்டில்தான் இருந்தது, வெள்ளைக்காரன் வந்ததும் எல்லாருக்கும் பொதுவான சட்டம் வந்துவிட்டது என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். தொழுக்கட்டை ஏட்டில் இருக்கவில்லை. அரசு அச்சடித்துக் கொடுத்த சட்டத்தில் இருந்தது. எது கீழ்ச்சாதி என்று சட்டம் பட்டியல் போடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. முன்சீப் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த சாதிக்காரர், பரம்பரைப் பதவி. யார் காலை மாட்டலாம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் கீழே ஓடியாடி வேலை பார்த்தது தலையாரியும் வெட்டியும். பல ஊர்களில் அந்த வேலை நம்ம சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது. திருட்டுப் போனால் தேடுவதற்கு நாம், தீர்ப்புச் சொல்வதற்கு அவர்.

இந்தப் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிந்தது 1980இல்தான். அதுவரை ஒரு கொலை நடந்தால்கூட முன்சீப் எழுதி அனுப்பும் ரிப்போர்ட்டில்தான் பல வழக்குகள் ஆரம்பித்தன. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லாம் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று அரசை அறிவிக்க வைத்தார். பெரிய வெற்றிதான். ஆனால் அந்தத் தெருவில் நடந்து அடி வாங்கினவன் கிராமத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? அதே முன்சீப்பிடம்.

2

இரண்டாவது வருஷம் 1855. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் திருட்டு வழக்குக்கும் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் பார்லிமெண்டில் பேச்சு எழுந்து, ஒரு கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். அவர்களிடம் 1,959 புகார்கள் வந்தன. 519 பேர் நேரிலேயே வந்து நின்றார்கள். மற்றவை கடிதம்.

அந்த அறிக்கையில் வரும் சித்திரவதைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் தமிழ்ச் சொற்கள்தான். கிட்டி என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் விடுவது. அடித்தவர்கள் தாசில்தாரின் சேவகர்கள். வரியும் போலீசும் ஒரே கையில் இருந்ததன் பலன் இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு ஊழியர் செய்த சித்திரவதைதான் கமிஷனின் விசாரணை வரம்பு. பண்ணையார் தன் பண்ணையாளைக் கட்டி வைத்து அடித்தது அந்த வரம்புக்குள் வராது. வரி கட்டும் குடியானவனின் வலி அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. நிலமே இல்லாதவனின் வலி ஏறுவதற்கு அதில் பத்தியே இல்லை. வெள்ளை அதிகாரிகள் மேல் பழி விழாமலும் கமிஷன் பார்த்துக்கொண்டது. எல்லாம் நேட்டிவ் சிப்பந்திகள் செய்த வேலை என்று முடித்துவிட்டது.

இருந்தாலும் அதற்குப் பிறகு வந்த சட்டங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் தனி, போலீஸ் தனி ஆயிற்று. மற்ற மாகாணங்களுக்கு 1861இல் வந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காக ஒருவரை வருத்துவது குற்றம் என்று 330ஆவது பிரிவில் சொன்னது. 7 வருஷம் வரை சிறை. அந்தப் பிரிவை விளக்கச் சட்டமே ஓர் உதாரணம் கொடுத்தது. உதாரணத்தில் வருகிற குற்றவாளி திருடனோ ரவுடியோ இல்லை, சித்திரவதை செய்யும் போலீஸ் அதிகாரி! போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்றது 1872இன் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. இன்றைய பாரதிய சாட்சிய அதிநியம் வரை அந்த விதி தொடர்கிறது. ஒரு நாட்டின் சட்டம் தன் போலீஸ்காரரின் வார்த்தையை 150 வருஷத்துக்கும் மேலாக நம்ப மறுக்கிறது என்றால், எத்தனை பேர் அடிபட்டிருந்தால் அப்படி ஒரு விதி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடமை தவறும் போலீஸ்காரருக்குத் தண்டனையும் அப்போதே எழுதப்பட்டது. 1861 சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி 3 மாதச் சம்பளம் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை. எழுதியது சரி, யார் கேட்பது? 1902இல் அமைத்த போலீஸ் கமிஷனே இந்தியப் போலீஸ் திறமையற்றது, ஊழல் நிறைந்தது, மக்களை ஒடுக்குவது என்று முடிவுக்கு வந்தது. சொன்னது காங்கிரஸ்காரர்கள் இல்லை, அரசாங்கம் போட்ட கமிஷன்.

3

இதே காலத்தில்தான் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் வருகிறது. 1911இல் அது திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. நம்ம பக்கத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சாதியைக் குற்றச்சாதி என்று அரசிதழில் போட்டால் போதும். அந்தச் சாதி ஆண்பிள்ளைகள் கைரேகை கொடுக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போனால் சொல்ல வேண்டும். இங்கே ‘வேண்டும்’ எல்லாம் மக்கள் தலையில். ‘லாம்’ எல்லாம் போலீசுக்கு. குற்றம் நடந்ததா என்ற கேள்வியே இல்லாமல் பிறப்பே குற்றமாயிற்று. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. குறவர் உட்படப் பல சமூகங்கள் இந்தச் சட்டத்துக்குள் அடைக்கப்பட்டன.

சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுக்க 1952இலும் சட்டம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று 1948இல் வேறு பெயரில் வந்தது. ஊருக்குள் களவு போனால் முதலில் குறவர் குடிசையையும் இருளர் குடிசையையும் தட்டுவது இன்றும் நடக்கிறது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டு வழக்கு என்று கொண்டுபோன குறவர் ஒருவர் திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவருடைய மனைவி ஆட்கொணர்வு மனு போட்டார். காவல் நிலையத்திலேயே அவர் செத்துப்போனது வெளியே வந்து, போலீஸ்காரர்களுக்குத் தண்டனையை 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்யப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. ‘ஜெய் பீம்’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும்.

4

1950இல் அரசியல் சட்டம் வந்தது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 22ஆவது பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதை அடிப்படை உரிமையாக்கியது. தொழுக்கட்டை போய்விட்டது. அந்தத் தொழுக்கட்டையைப் பிடித்த கை போய்விட்டதா?

வீட்டைச் சோதனை போடும் சட்டத்தைப் பாருங்கள். காரணத்தை எழுதி வைக்க வேண்டும், அந்தப் பகுதியில் சுதந்திரமான, மதிப்புக்குரிய இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டு வீட்டுக்காரருக்கு நகல் கொடுக்க வேண்டும். 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. இந்த ‘மதிப்புக்குரிய’ என்ற சொல் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. யாருடைய மதிப்பு? சேரியில் சோதனை போட வருகிறவர் மதிப்புக்குரிய சாட்சியைத் தேடி ஊர்த்தெருவுக்குத்தான் போகிறார். 1816 சட்டம் கீழ்ச்சாதி என்று நேராகச் சொன்னது. இந்தச் சட்டம் அதைச் சொல்லவில்லை, ஆனால் அதே கண்ணால் ஆளைப் பார்க்க இடம் விட்டு வைத்திருக்கிறது.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நடந்ததற்கு இந்த இரண்டு சாட்சி வேலைகூட மிச்சமில்லை. நூற்றுக்கணக்கில் வந்த போலீஸ் வீடு வீடாகப் புகுந்து பண்டம் பாத்திரம், டி.வி. பெட்டி, தானியம் என்று உடைத்துக் கொட்டியது. பாடுபட்டுத் தலைநிமிர்ந்த தலித் குடும்பங்களின் சொத்து அவ்வளவும் அடிவாங்கியது. தேடுதல் என்று பெயர். பட்டியலும் இல்லை, நகலும் இல்லை.

1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தன. 1816இல் ஒன்றாக இருந்து 1859இல் பிரிந்த கைகள் அன்றைக்கு மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அரசு மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! ஆனால் அந்தப் பெண்கள் மாறாமல் ஒரே வாக்குமூலத்தில் நின்றார்கள். சீருடை போட்ட அரசு ஊழியர் தண்டனை பெறவே மாட்டார் என்கிறவர்களுக்கு நான் வாச்சாத்தியைத்தான் சொல்வேன்.

5

இப்போது நம்ம கையில் இருக்கிற சட்டத்துக்கு வருவோம். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. அல்லாத பொது ஊழியர் இந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் 6 மாதத்துக்குக் குறையாத, ஒரு வருஷம் வரையான சிறை. 1995இன் விதிகள், விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. பதவிக்குக் குறையக் கூடாது என்றன. உள்ளூர் ஸ்டேஷன் உள்ளூர் சாதிக்கு வளையும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கடமைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்ட வேண்டும். உரிய பிரிவுகளில் வழக்குப் பதிய வேண்டும். நகலை உடனே கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர், சாட்சிகள் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். எத்தனை ‘வேண்டும்’! ஆனால் அதே திருத்தம் கூடவே ஒரு வாசலும் திறந்து வைத்தது. இந்தப் பிரிவில் ஊழியர் மேல் வழக்கு வர வேண்டுமானால் முதலில் நிர்வாக விசாரணை நடந்து அது பரிந்துரைக்க வேண்டுமாம். அந்த விசாரணையை நடத்தப்போவது யார்? அவருடைய மேலதிகாரிகள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாவோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். ஊர்த்தெரு வழியே பைக்கில் போனதற்காக அவங்க மகனைச் சாதி சொல்லித் திட்டி அடித்திருந்தார்கள். மனுவைப் படித்த ரைட்டர், ‘ஏம்மா, இந்தச் சாதிப் பேச்சையெல்லாம் எடுத்துட்டு வேற எழுதிக் குடு’ என்றார். அந்த அம்மா, ‘அவுக அதச் சொல்லித்தானய்யா அடிச்சாக. அத எடுத்துட்டா அப்புறம் எதுக்கு அடிச்சாகன்னு நீங்களே கேப்பீகளே’ என்றாங்க. ரைட்டரிடம் பதில் இல்லை. மாலை வரை உட்கார வைத்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள், மகன் தங்களைக் கல்லால் அடித்ததாக எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. ‘தம்பி, நமக்குச் சீட்டு, அவுகளுக்குக் கேசு’ என்றாங்க அந்த அம்மா.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அது வழக்கு இல்லை. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது. வன்கொடுமை நிவாரணத் தொகையின் முதல் தவணை பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் வழக்கும் இல்லை, அந்தத் தவணையும் இல்லை. ‘பேசி முடிச்சுக்கங்க’ என்று சொல்வதற்கு வேண்டிய நாட்களை அந்தச் சின்னத் துண்டுக் காகிதம் வாங்கிக் கொடுக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்ன பிறகும் இதுதான் நிலைமை.

அதே உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 20இல் வேறு மாதிரியும் பேசியது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதியுமுன் டி.எஸ்.பி. பூர்வாங்க விசாரணை செய்யலாம், கைதுக்கு முன்அனுமதி வேண்டும் என்றது. ‘வேண்டும்’ எல்லாவற்றையும் ஒரே நாளில் ‘லாம்’ ஆக்கிய தீர்ப்பு அது. ஏப்ரல் 2இல் நாடு தழுவிய பந்த் நடந்தது. வட மாநிலங்களில் பலர் உயிர் விட்டார்கள். அதன் பிறகுதான் 18ஏ பிரிவு வந்தது. பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை, கைதுக்கு அனுமதியும் தேவையில்லை என்றது. 2020 பிப்ரவரி 10இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. உயிரைக் கொடுத்து மீட்ட ஒரு வினைமுற்று அது.

இப்போது அதற்கு மறுபடி சோதனை வந்திருக்கிறது. புதிய சன்ஹிதாவின் 173(3) பிரிவு, 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்கிறது. நாளைக்கு வன்கொடுமைப் புகாரோடு போகிறவரிடம் ‘புதுச் சட்டம் வந்திருக்கு, 14 நாள் கழிச்சு வா’ என்று சொல்வார்கள். வன்கொடுமைச் சட்டம் தனிச்சட்டம், அதன் 18ஏ நிற்கிறது என்று பதில் சொல்ல நம்ம ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6

இருநூறு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். போலீசுக்கு அதிகாரம் கொடுத்த பிரிவுகள் யாரையும் எதிர்பார்க்காமல் அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்தன. கடமையைச் சொன்ன பிரிவுகள் இன்னொரு அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தன. 1861இன் 29ஆவது பிரிவுக்கும் அதே கதி, 4ஆவது பிரிவுக்கும் அதே கதி. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் போலீஸ் மீதான புகார்களுக்குச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டம் அதற்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. போலீஸ் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே போலீஸ் மேல் புகார்.

ஆகவே ‘சட்டம் இருக்கு, பயப்படாதே’ என்று சனங்களிடம் வெறுமனே சொல்லிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டம் தானாக நடக்காது. புகாரை இரண்டு பிரதி எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சாதிப் பேச்சை எடுக்க மறுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்க வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதன்பின் மாஜிஸ்திரேட். இதெல்லாம் நம்ம இயக்கங்கள் செய்கிற வேலைதான். செய்யாமல் விட்ட வேலை ஒன்று உண்டு, பதிய மறுத்த அதிகாரி மேல் 4ஆவது பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பது. வழக்கு பதிவானதும் ‘போதும், கேஸ் போட்டாச்சு’ என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் விழிப்பு, கண்காணிப்புக் குழு ஒன்று 3 மாதத்துக்கு ஒருமுறை கூடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. இதைப் படிக்கிற மாணவர்களும் தோழர்களும் அவரவர் மாவட்டத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுப் போடுங்கள். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. போன வருஷம் அந்தக் குழு எத்தனை முறை கூடியது? வன்கொடுமைப் புகார்களில் எத்தனைக்கு வெறும் சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பினீர்கள்? 4ஆவது பிரிவில் எத்தனை அதிகாரிகள் மேல் விசாரணைக்கு உத்தரவிட்டீர்கள்? வருகிற பதிலை, பதில் வராவிட்டால் மனுவின் நகலை, இந்தப் பக்கங்களுக்கு அனுப்பி வையுங்கள். மாவட்டம் மாவட்டமாக அடுக்கிப் பார்ப்போம்.